மண்புழுவுக்கு இட்ட பொட்டு

இக்கட்டுரையை எழுதவேண்டிய தேவை, சுவரில் ஒட்டிய ஒரு தாளால் வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் இருப்புப்பாதையை ஒட்டிய ஒரு சிறிய மண் ஆய்வகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அவ்வாய்வகத்தின் புழு அறைச் சுவரில் பதினொரு விதிகள் கொண்ட செய்முறைத் தாள் ஒன்று உண்டு. அதன் ஏழாம் விதி இது: ‘புட்டிகளின் மூடிமேல் எப்பொருளும் இருத்தலாகாது, மங்கலப் பொருள்களும் இதில் அடங்கும்.’ அண்மையில் அத்தாளைக் கணினியில் ஏற்றிய இளைய பணியாளர்கள் இவ்விதியின் பிற்பாதியைக் கண்டு சிரித்து, காரணம் கேட்டிருக்கிறார்கள். காரணம் அறிந்தவர் எவரும் இப்போது அங்கில்லை. ஆதலால் தாங்களே இரண்டு காரணங்களைப் படைத்துக்கொண்டார்கள். விதியை எழுதியவர் கொடிய நாத்திகர் என்பது ஒன்று. புழுவுக்கு யாரோ மாலை சூட்ட, அது அம்மாலையோடு தப்பியோடியது என்பது மற்றொன்று.

முதற்கதை பொய். அவ்விதியை எழுதிய நான் சனிக்கிழமைதோறும் நெய்விளக்கு ஏற்றுபவன். இரண்டாவதும் பொய். புழுவுக்குக் கழுத்து எங்கே முடிகிறது என்பதே இன்னும் எனக்குத் தெளிவில்லை. மாலையை எங்ஙனம் சூட்டுவது? உண்மையை எழுதிவைக்காவிடில் மூன்றாம் கதை பிறக்கும் என்று அஞ்சியே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தை விரித்துரைக்கப் போவதில்லை. முதலாண்டு மண் சலித்தேன். இரண்டாமாண்டும் மண் சலித்தேன். மூன்றாமாண்டில் என்னை நம்பித் தராசைக் கொடுத்தார்கள். அத்தராசு ஒரு தனிப்பிறவி. மின்தொடர் வண்டி கடக்கும்போதெல்லாம் அதன் இலக்கங்கள் நடனமாடும். ஆகவே எங்கள் ஆய்வகத்தில் எடை என்பது இரண்டு வண்டிகளுக்கு இடையே நிகழும் செயல். உதவியாளர் ஏழுமலை சாளரத்தருகே நின்று, “பீச் வண்டி பூட்ச்சு சார், இப்ப வெய்யி! செங்கல்பட்டு வண்டி வரத்துக்குள்ள எட்த்துடு!” என்று அறிவிப்பார். ஏழுமலை என்னினும் இரண்டு வயது மூத்தவர். கால அட்டவணையை அவர் பார்த்ததில்லை. தரை அதிர்வதைக் காலால் அறிவார்.

அதன்பின் எங்கள் ஆய்வகத்துக்கு மண்புழு வந்தது. தமிழில் அதற்கு ‘நாங்கூழ்’ என்றொரு பழம்பெயர் உண்டு. நான் அப்பெயரையே வழங்கியதால் சக பணியாளர்கள் எனக்குப் ‘புலவர்’ என்று பெயரிட்டார்கள். அவர்கள் அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

மண் ஆய்வகத்தில் புழுவுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். மண்ணில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்பதை மண்ணை அமிலத்தில் கரைத்து அறிந்துவிடலாம். அவற்றுள் எவ்வளவு ஓர் உயிருக்குள் ஏறும் என்பதை மண் சொல்லாது. அம்மண்ணைத் தின்று, அம்மண்ணிலேயே உறங்கும் புழுதான் சொல்லும். தான் ஏற்ற உலோகத்தில் ஒரு பகுதியைக் குடலைச் சுற்றிய திசுவில் அது பூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே புழு ஒரு சாட்சி. ஆனால் சாட்சியை விசாரிக்கும் முறை ஒன்று உண்டு.

அம்முறையை எனக்குக் கற்பித்தவர் எங்கள் தலைமை அலுவலர் எஸ்தர் அம்மையார். குரலை உயர்த்தாதவர், உயர்த்த வேண்டிய தேவை அவருக்கு நேர்ந்ததே இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் என்றால் அறையில் இருப்பவர் அனைவரும் தத்தம் குற்றங்களை நினைவுகூரத் தொடங்குவோம். நான் முதன்முதலாகப் புழுக்களைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி, கரைத்து, அளந்து, வியத்தகு முடிவு ஒன்றை அவர்முன் வைத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், நீங்க புழுவை அளந்தீங்களா? இல்ல, புழு தின்னதை அளந்தீங்களா?”

எனக்கு விளங்கவில்லை. புழுவின் வயிறு நிறைய மண் இருக்கும். அதனோடு சேர்த்துக் கரைத்தால் நாம் அளப்பது உடலில் ஏறிய உலோகத்தையா, வயிற்றில் கிடக்கும் மண்ணையா என்று விளக்கினார். அன்றுமுதல் புழுக்களுக்கு நாற்பத்தெட்டு மணிநேர உண்ணாநோன்பு நடைமுறைக்கு வந்தது. வாயகன்ற கண்ணாடிப் புட்டி. அடியில் நனைந்த வடிதாள். அதன்மேல் கழுவிய புழுக்கள். மேலே, சூடான ஊசியால் துளையிட்ட மெல்லிய நெகிழி மூடி. நோன்பிருக்கும் புழு வயிற்றிலுள்ள மண்ணைக் கழிக்கும். கழித்ததைத் தானே மீண்டும் தின்னவும் கூடும். அதற்கு அருவருப்பு என்பது கிடையாது. ஆகவே இருபத்துநான்காம் மணியில் தாளை மாற்றவேண்டும். பசி மிகுந்தால் வடிதாளையே மென்றுவிடும்.

முதல் நோன்பின்போது மூடியை அழுத்தி மூட மறந்தேன். காலையில் நோன்பிகள் இருபத்துநால்வரும் காணாமற் போயிருந்தனர். இருபத்திரண்டு பேர் தாழ்வாரத்தில் கிடைத்தனர். ஒருவர் அம்மையாரின் தேநீர்க் கோப்பையின் அடித்தட்டில் கிடைத்தார். அம்மையார் தேநீரை ஒரு கணம் பார்த்துவிட்டு, “இன்னும் ஒண்ணு எங்க?” என்று மட்டும் கேட்டார். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் வகுத்த இன்னொரு நெறியையும் இங்கே சொல்லவேண்டும். ஆய்வேட்டில் எதையும் அழித்தல் கூடாது. வெள்ளை மை பூசுதல் பெருங்குற்றம். பிழையின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அடியில் இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதை நான் மற்றவர் ஏடுகளில் மிகக் கண்டிப்பாகச் செயற்படுத்தினேன்.

இனி, பெரும்பாக்கத்துப் புழுக்களின் வழக்கு.

பெரும்பாக்கம் குடியிருப்பில், இரண்டு அடுக்கு மாளிகைகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தில், எட்டுப் பெண்கள் சேர்ந்து மண்புழு எருக் கொட்டகை ஒன்றை நடத்திவந்தார்கள். தலைவி கஸ்தூரி. சிட்லபாக்கத்து மாடித்தோட்டக்காரர்கள், பெரும்பாலும் இன்றைய என்னைப் போன்ற ஓய்வுபெற்றோர், அவ்வெருவை விரும்பி வாங்கினார்கள். ஆனால் குடியிருப்போரில் ஒரு சாரார்க்குப் புழு என்றாலே ஒவ்வாமை. கொட்டகையால் நாற்றம், கொட்டகையால் பாம்பு, கொட்டகையால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று முறையீடுகள் குவிந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஆய்வகச் சான்று கொண்டுவந்தால் கொட்டகை இருக்கும், இல்லையேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுத்து இடம் காலிசெய்யப்படும்.

எருவும் புழுக்களும் எங்களிடம் வந்தது ஆயுத பூசைக்கு முந்திய நாள். அன்று காலை புழுக்களை நோன்பில் வைத்தேன். வழக்கமாக, எங்கள் ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த தூய புழுக்களையும் உடன் நோன்பில் வைத்து ஒப்பிட வேண்டும். விடுமுறை நெருங்கியதால் அவ்வொப்பீட்டை முந்திய வாரமே முடித்து வைத்திருந்தேன். முன்யோசனைக்காரன் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு அலுவலகப் பூசை. தராசுக்கு, அடுப்புக்கு, நிறமாலைமானிக்கு, சலித்துச் சலித்துத் தேய்ந்த சல்லடைக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும். பொரி வந்தது. எஸ்தர் அம்மையார் ஆண்டுதோறும் செய்வதுபோல் சுண்டலைத் தம் கையாலேயே அனைவர்க்கும் வழங்கினார். பின்னர் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, “ஏர் உழுவதற்கு முன்னரே மண்ணை உழுத நாங்கூழே முதற்கருவி, அதற்கன்றோ முதல் மரியாதை!” என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. கைதட்டலின் ஊக்கத்தில் புழு அறைக்குச் சென்று, தாம்பரம் சந்தைப் பக்கம் நானே வாங்கிவந்த குங்குமத்தை, புட்டி மூடி ஒவ்வொன்றின் மேலும் தாராளமாக இட்டேன்.

“சூப்பர் சார்! புழுவுங்கோ கல்யாணப் பொண்ணு மாரி கீது!” என்றார் ஏழுமலை.

மறுநாள் பூசை நாள். கருவிகளைத் தொடலாகாது என்பது மரபு. இருபத்துநான்காம் மணித் தாள் மாற்றமும் கருவியைத் தொடுதலே என்று எனக்கு நானே தீர்ப்பளித்து, சிட்லபாக்கத்து வீட்டில் ஓய்வெடுத்தேன். ஏழுமலை மட்டும் ஆய்வகத்துக்கு வந்து, மூடித் துளைகளின் வழியே நீர் தெளித்துச் சென்றிருக்கிறார். பின்னர் கேட்டபோது, “புழுவுக்கு தண்ணி காட்றது வேலையா சார்? புண்ணியம்!” என்றார். அவரைக் குறைகூற இயலாது. புழு உலர்ந்தால் இறந்துவிடும்.

விடுமுறைக்குப் பின் அளந்தேன். எருவில் ஈயம் மிகக் குறைவு, ஐயமே இல்லை. புழுவிலோ ஈயம் மிகுதி. எருவில் இல்லாதது புழுவில் எப்படி வந்தது? இங்கேதான் என் புலமை எனக்கு எதிராக வேலைசெய்தது. ‘சுற்றுப்புறத்தில் நுண்ணளவில் உள்ள கன உலோகமாகிய ஈயத்தை உயிரினம் தன்னுள் சிறுகச் சிறுகத் திரட்டும் அரிய நிகழ்வு’ என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. அதை இரண்டுமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

செயலாளர் என் அழகான பத்தியில் ஒரு சொல்லை மட்டும் படித்தார்: ஈயம்.

செவ்வாய்க்கிழமை முற்பகல், கஸ்தூரி நேரே என் மேசைக்கு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் செருகிய முந்தானை. கையில் நெகிழிப்பைக்குள் என் அறிக்கை.

“புழுவுல ஈயம் கீதுன்னு எழுதினது நீதானா சார்?”

“நான்தான், அம்மா. அமருங்கள்.”

“குந்தறதுக்கு வரல சார். எம் புழுவு இன்னா துன்னுது தெரியுமா? வாழக்கா தோலு, டீத்தூளு, மாட்டு சாணி, மார்க்கெட்ல கழிச்சுப்போட்ட கீர. இதுல எங்கேர்ந்து ஈயம் வரும்?”

நான் உயிரினத் திரட்சியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எரு சுத்தம்னு நீயே எழுதிகீற. சோத்துல உப்பே இல்ல, துன்னவன் வாயில மட்டும் கரிக்குதுன்னா, உப்பு எங்கேர்ந்து சார் வந்துச்சு?”

ஏழுமலை சாளரப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். அது சிரிப்பு என்பது எங்கள் இருவர்க்கும் தெரியும்.

“ஞாயித்துக்கெழம மீட்டிங்கு. அதுக்கு அப்பால ஷெட்டு கெடையாதுன்னுட்டாங்க,” என்றார் கஸ்தூரி. குரல் சற்றே தாழ்ந்தது. “எங்கள ஆத்தோரத்துலேர்ந்து கவருமெண்டு லாரில ஏத்தி இங்க கொண்டாந்து வுட்டாங்கோ சார். வூடு அவங்க குட்த்தது. தண்ணி அவங்க வுட்டாதான். அந்த ஷெட்டு ஒண்ணுதான் நாங்களா பண்ணது.”

அவருக்கு ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு, எங்கள் முறை எவ்வளவு பிழையற்றது என்பதைக் காட்டப் புழு அறைக்கு அழைத்துச் சென்றேன். புட்டியைக் காட்டினேன், வடிதாளைக் காட்டினேன். நோன்பின் நோக்கத்தை விளக்கினேன். பசி மிகுந்தால் புழு தாளையே மென்றுவிடும் என்ற சுவையான செய்தியையும் சேர்த்துக்கொண்டேன். அவர் நான் சொன்னவற்றைக் கேட்டாரா என்று தெரியவில்லை. மூடியொன்றைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொட்டு யாரு வெச்சது?”

“அடியேன்தான். ஆயுத பூசைக்கு.”

“பாதி பொட்ட காணோமே சார்.”

பார்த்தேன். பொட்டின் கீழ்ப்பாதி நீரில் கரைந்து, மெல்லிய செம்மஞ்சள் கோடாக ஓடி, ஊசித்துளை ஒன்றில் இறங்கியிருந்தது. கஸ்தூரி மிச்சத்தை விரலால் தேய்த்து மோந்தார்.

“மஞ்சா வாசனையே இல்ல. மஞ்சால பண்ண குங்குமம் இப்டி ஆரஞ்சா பளபளன்னு இருக்காது சார், கருஞ்செவப்பா இருக்கும். இந்த மாரி பாக்கெட்டு ஒருவாட்டி வாங்கி வெச்சு எனக்கு நெத்தியே வெந்துபோச்சு. இத்தயா எம் புழுவு துன்னுச்சு?”

“புழு மூடியைத் தின்னாது, அம்மா.”

“தாளைத் துன்னும்னு இப்பதான சார் சொன்ன!”

செங்கல்பட்டு வண்டி கடந்தது, புட்டிகள் சிலிர்த்தன. வாயிற்புறத்தில் எஸ்தர் அம்மையார் நின்றிருந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

“புலவரே,” என்றார். அவர் என்னை ‘சார்’ என்றே அழைப்பவர். “புழுவை அளந்தீங்களா? புழு தின்னதை அளந்தீங்களா?”

பின் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கினார். ‘24 மணி: தாள் மாற்றம்’ என்ற கட்டத்தில் என் கையால் இட்ட குறி தெளிவாக இருந்தது.

“ஆயுத பூசை அன்னிக்கு இங்க வந்தீங்களா?”

“இல்லை, மேடம்.”

“அப்போ இந்த டிக்?”

புழுக்களை நோன்பில் வைக்கும்போதே எல்லாக் கட்டங்களிலும் ஒருசேரக் குறியிட்டுவிடுவது பல்லாண்டுகளாக என் பழக்கம். எப்படியும் செய்யப்போகிறோம் அல்லவா என்ற நம்பிக்கை. அவர் எழுதுகோலை நீட்டினார். நான் குறியின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, ‘மாற்றப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என் கையெழுத்து அழகானது என்று பலர் சொல்வர். அன்று அது அவ்வாறில்லை.

கஸ்தூரி எட்டிப் பார்த்தார். “ஏம்மா, அத்த அழிச்சுட்டு எழுதலாமே?”

“அழிச்சா தப்பு எங்க நடந்துதுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியாதும்மா,” என்றார் அம்மையார்.

பொட்டுதான் காரணம் என்பது அதுவரை ஓர் ஊகமே. அம்மையார் ஊகத்தின்மேல் சான்று கொடுப்பவர் அல்லர். நான்கு பொருள்களை அளக்கப் பணித்தார். கஸ்தூரியின் கொட்டகையிலிருந்து புதிய புழுக்கள், வெறும் மூடியின்கீழ். எங்கள் தூய புழுக்கள், வெறும் மூடியின்கீழ். அதே தூய புழுக்கள், அதே குங்குமப் பொட்டிட்டு நீர் தெளித்த மூடியின்கீழ், தாள் மாற்றாமல். நான்காவது, குங்குமம் தானே.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கஸ்தூரி ஈரச்சாக்குத் துண்டு சுற்றிய சோற்றுப்பாத்திரத்தில் புழுக்களோடு வந்துவிட்டார். வியாழக்கிழமை தாள் மாற்றுவதைத் தம் கண்ணால் பார்க்கவேண்டும் என்று மறுபடியும் வந்தார்.

“இன்னாக்கா, சம்பந்தி வூட்டுக்கு வரா மாரி டெய்லி வந்துகினுகீற?” என்றார் ஏழுமலை.

“பொண்ண குட்த்துட்டு நம்பி வூட்ல குந்திகினு இருந்தேன், இன்னா ஆச்சு பாத்தியா? உங்க வூட்ல பொட்டு வெச்சே கொன்னுட்டீங்கோ.”

நான் தாளை மாற்றினேன். மாற்றிய பின்னரே கட்டத்தில் குறியிட்டேன். கஸ்தூரி அதையும் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு மேலதிகாரிகள் ஒருவர்க்கு இருவராக ஆனார்கள்.

வெள்ளிக்கிழமை நோன்பு முடிந்தது. புழுக்களைக் குளிரூட்டி உறையவைத்து, உலர்அடுப்பில் மறுநாள் காலைவரை வைத்தோம். சனிக்கிழமை, வண்டிகளுக்கு இடையே எடையிட்டு, நைட்ரிக் அமிலத்தில் இட்டு, மெல்லச் சூடாக்கினேன். செம்பழுப்பு ஆவி அடங்கி, நீர்மம் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பொங்கிவிடும். பின் வடிகட்டி, அளவுக் குடுவையில் நிரப்பி, நிறமாலைமானியின் முன் அமர்ந்தேன். ஏழுமலை அதை ‘நெருப்பு மிஷின்’ என்பார். தழலில் தெளிக்கப்படும் துளியைக் கொண்டே அது உலோகத்தை அறியும். முதலில் வெற்று நீர்மம், அடுத்து அளவறிந்த கரைசல்கள், பின்னர் மாதிரிகள். வரிசையை மாற்றலாகாது.

கஸ்தூரி என் நாற்காலியின் பின்னால் நின்றிருந்தார். அவர் புழுக்களின் முறை வந்தபோது என் உள்ளம் எந்தப் பக்கம் நின்றது என்பதை மறைத்தால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். ஈயம் மிகுந்திருக்கட்டும் என்றே அது விரும்பியது. மிகுந்திருந்தால் என் அறிக்கை நிற்கும். அந்த அழகான பத்தி நிற்கும். பின்னால் நிற்பவரின் மூச்சு கேட்கும் தொலைவில் அமர்ந்துகொண்டு இவ்வாறு விரும்பினேன். திரையில் எண் எழுந்தது. மிகக் குறைவு. அவர் எருவைப் போலவே தூய்மை. மூன்று முறை அளந்தேன், மும்முறையும் அதுவே.

“இன்னா சார், ஜெயிச்சிட்டனா?”

“வென்றுவிட்டீர்கள், அம்மா.”

எங்கள் தூய புழுக்கள் வெறும் மூடியின்கீழ் தூயனவாகவே இருந்தன. பொட்டிட்ட மூடியின்கீழ் அதே புழுக்கள் ஈயம் மிகுந்தவையாய் மாறியிருந்தன. குங்குமக் கரைசலைத் தெளித்தபோது கருவி அளவெல்லையைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. பலமுறை நீர் சேர்த்து நீர்த்த பின்னரே ஓர் எண்ணைக் காட்ட அது ஒப்புக்கொண்டது. ஈயச் செந்தூரத்தைச் சாயமாகக் கலந்திருக்கிறார்கள். அப்பொட்டலத்தின் மிச்சம் என் வீட்டுப் பூசையறையில் இருந்தது என்ற நினைவு அப்போதுதான் வந்தது. என் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

புதிய சான்று மட்டும் போதும் என்று நான் எண்ணினேன். அம்மையார் ஒப்பவில்லை. “புது ரிப்போர்ட் மட்டும் குடுத்தா, அந்த அம்மா எப்படியோ மாத்தி வாங்கிட்டு வந்துட்டாங்கன்னுதான் சொல்வாங்க. முதல்ல குடுத்தது ஏன் தப்புன்னு எழுதிக் குடுங்க. நாளைக்கு நீங்களே போய்ப் படிங்க.”

அன்று மாலை எழுத அமர்ந்தேன். ‘நோன்புக் கலத்தின் புறமூடியில் இடப்பெற்ற மங்கலத் திலகத்தின் கசிவினால் விளைந்த அயற்பொருட் கலப்பு’ என்று தொடங்கி இரண்டு பக்கம் வந்தது. கஸ்தூரி படித்துக் காட்டச் சொன்னார். முதல் வாக்கியம் முடியுமுன்னரே, “சார், சார், இது யாருக்குப் புரியும்? செக்ரட்டரி தூங்கிடுவாரு. ‘தப்பு எங்க மேல’ன்னு எழுது. அப்பால எப்டி ஆச்சுன்னு எழுது. முடிஞ்சுது,” என்றார்.

எழுதினேன். அரைப்பக்கம்கூட வரவில்லை.

ஞாயிறு முற்பகல், பெரும்பாக்கத்தில், இரண்டு மாளிகைகளுக்கு இடையே நிழல் விழுந்த பகுதியில் கூட்டம். நாற்காலிகள் இருபது, நின்றிருந்தோர் அதனினும் மிகுதி. நான் எழுந்து படித்தேன். “பிழை எங்களுடையது. புழுக்களுக்கு நான் வைத்த பொட்டில் ஈயம் இருந்தது. அது கரைந்து தாளில் இறங்கியது. புழுக்கள் தாளைத் தின்றன. அன்று வந்து தாளை மாற்றவேண்டியவன் நான். மாற்றாமலே மாற்றியதாகக் குறித்தேன். கொட்டகைப் புழுவும் எருவும் தூயவை.” பின்னால் சிலர் சிரித்தார்கள். எட்டுப் பெண்களும் முன்வரிசையில் சிரிக்காமல் அமர்ந்திருந்தார்கள்.

செயலாளர் தாளை வாங்கி இருமுறை படித்தார். “அப்போ சார், குங்குமத்துலதான் ஈயமா?”

“நான் வாங்கிய பொட்டலத்தில்.”

“ஷெட்டு இருக்கட்டும்,” என்றார் அவர், ஏதோ நினைவில். பின் பக்கத்திலிருந்த மனைவியிடம் தணிந்த குரலில், “நம்ம வூட்டு டப்பா எங்க வாங்குனது?” என்று கேட்டார்.

அக்கேள்வி கூட்டம் முழுதும் பரவியது. மறுநாள் ஆய்வகம் திறக்குமுன்பே வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குங்குமச் சிமிழ். மண் ஆய்வகத்தில் குங்குமத்துக்குப் படிவம் இல்லை என்று கூறிப் பார்த்தேன். “மண்ணுல போட்றதுக்கே டெஸ்ட்டு பண்றீங்கோ, நெத்தில போட்றதுக்குப் பண்ண மாட்டீங்களா?” என்றார் வரிசையில் முதலில் நின்றவர். எஸ்தர் அம்மையார் அன்றே படிவம் ஒன்று தயாரித்தார். ஏழுமலை வரிசையை ஒழுங்குபடுத்தியதில் இருப்புப்பாதையை மறந்தார்; அன்று எடையிட்ட அனைத்தையும் மறுநாள் மீண்டும் எடையிட நேர்ந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. அதை விட்டால் கணக்கு முழுமையாகாது. அன்று பொட்டிட்ட வேறு சில புட்டிகளில், திருமுடிவாக்கம் பக்கத்துக் காலிமனை ஒன்றின் புழுக்களும் நோன்பிருந்தன. பழைய மின்கலங்களை உடைத்துப் போட்ட இடம் என்று கேள்வி. எங்கள் பிழையறிவிப்புக் கடிதம் கண்டு மனைக்காரர் பெருமகிழ்ச்சியோடு தொலைபேசினார்: “அப்போ நம்ம எடமும் க்ளீன்தானே சார்?” புதிய புழுக்களை எடுத்து, வெறும் மூடியின்கீழ் வைத்து, தாள் மாற்றி அளந்தோம். முன்னதைவிடக் குறைந்தது, ஆயினும் மண்ணிலும் புழுவிலும் ஈயம் மிகுதியே. அங்கே வீடு கட்டிக் கீரைப்பாத்தி போட எண்ணியிருந்தார். மேல்மண்ணை அகற்றாமல் அதைச் செய்யலாகாது என்று எழுதிக்கொடுத்தோம். அவர் மகிழ்ச்சி வடிந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பிழையைத் திருத்தியதால் எல்லாரும் நலமாகிவிடுவதில்லை.

ஏழாம் விதியை மறுவாரம் நான்தான் எழுதினேன். ‘மங்கலப் பொருள்களும் இதில் அடங்கும்’ என்பது அம்மையார் சேர்த்தது. அடுத்த ஆயுத பூசையில் எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு உண்டு. கஸ்தூரி மஞ்சளில் தாமே செய்த கருஞ்சிவப்புக் குங்குமம், ஆய்வு முடிவுத் தாளோடு வந்தது. புட்டிகளுக்கு மட்டும் இல்லை. நாங்கூழுக்குரிய மரியாதையை, இருபத்துநான்காம் மணியில் நேரில் வந்து தாள் மாற்றிச் செலுத்தினேன்.

நினைவிலிருந்து எழுதுகிறேன், ஏடுகள் என்னிடம் இல்லை. நாள், வரிசை, அளவு, பேச்சு ஆகியவற்றில் பிழை இருப்பின் அறிந்தோர் தயங்காமல் தெரிவிக்க வேண்டுகிறேன். கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு படியைக் கஸ்தூரிக்குக் கொடுத்தேன். மறுநாளே தொலைபேசி ஒலித்தது.

“சார், எட்டு பொம்பளைங்கோன்னு எழுதிகீற. நாங்கோ ஒம்போது பேரு. என்னிய வுட்டுட்டு எண்ணிகீற. நான் இன்னா, புழுவா?”

மேலே இரண்டு இடங்களில் ‘எட்டு’ என்பதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றின்மேல் ஒரு கோடு இருப்பதாக வாசகர் கொள்க. ஒன்பது.